பாதியில் இறங்கிய கை

போன மாதம் கடலூரில் நடந்த நடுவர் பயிற்சி வகுப்பில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். தலைப்பும் நீங்களே கொடுத்தீர்கள். இந்த ஆண்டு முதல் நம் மாவட்டக் கபடிப் போட்டிகளில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு ரிவ்யூ உண்டு. நடுவர் சொன்னது தப்பு என்று அணித் தலைவர் நினைத்தால் ஆட்டத்தை நிறுத்தி வீடியோவைப் பார்க்கச் சொல்லலாம். இது நல்லதா, கெட்டதா? முப்பத்தோரு வருடம் விசில் ஊதியவன் என்று என்னை மேடை ஏற்றினீர்கள். நான் காலத்துக்கேற்ற மாற்றம், விளையாட்டின் கண்ணியம் என்று ஏதேதோ சொல்லி மழுப்பிவிட்டு, போர்த்திய பொன்னாடையோடு இறங்கிவிட்டேன்.

அன்று சொல்ல வாய் வராததை இப்போது நடுவர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். படித்து முடித்தபின் என்மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும். எனக்கு இனிமேல் அதை வைத்துக்கொண்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

வகுப்பில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கேமராவே தீர்ப்பு சொல்லிடும்னா நாம எதுக்கு சார் அங்க? கொடிக்கம்பமாட்டம் நிக்கவா?" என்றார். கூடமே கைதட்டியது. அதன்பிறகு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். விசில் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர். "எனக்கு வீடியோ வேணும் சார். தப்பா குடுத்தது ஒவ்வொன்னும் என்கூடவே வீட்டுக்கு வருது. சாப்புட உக்காந்தா எதிர்லயே உக்காருது" என்றார். யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

முதலில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் விசில் ஊதிவிட்டு, உடனே தப்பு என்று தெரிந்து, தீர்ப்பை மாற்றினேன். நியாயமான காரியம்தான். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கூட்டம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு செருப்பு என் காதை உரசிக்கொண்டு போனது. அவர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, சைக்கிளில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார். பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டுச் சொன்னார்.

"ஊதுனது ஊதுனதுதான் தம்பி. தப்பா ஊதியிருந்தாலும் சரியா ஊதுன மாதிரி நில்லு. இன்னைக்கி ஒரு விசில மாத்துனா நாளைக்கி ஒவ்வொரு விசிலுக்கும் கழுத்துல கைய வெப்பானுங்க."

நான் இதை வேதவாக்காக வைத்துக்கொண்டேன். பொய் சொல்லக் கூடாது, பல இடங்களில் இது என்னைக் காப்பாற்றியது. நடுவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் மைதானம் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் நின்றேன். நன்றாக நிற்கக் கற்றுக்கொண்டேன். ஆரோக்கியம் சார் ஊதினால் ஊதினதுதான் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இப்போது சிதம்பரத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் ஆகிறது. புறவழிச்சாலை ஓரத்துத் திடல், மண் தரை, மாலை ஐந்து மணி. இறுதி ஆட்டம், நான் ஒரு பக்கக் கோட்டு நடுவர். ஒரு பக்கம் உள்ளூர் அணி, இன்னொரு பக்கம் குடிகாட்டு அணி. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வெல்லும் அணியிலிருந்துதான் முக்கால்வாசிப் பேரை எடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குடிகாட்டு அணியின் முதல் ரைடர், எதிர்ப்பக்கத்துக்குப் பாடிப் போகிறவன், குமரவேல். நல்ல உயரம். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் குடிக்க வந்தவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். "இந்த வருசத்தோட ஜூனியர் வயசு முடியுது சார். ஸ்டேட் ஆடிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டால எங்கனா ஒரு வேலைக்கி எழுதிப் போடலாம். அப்பாவால நெலத்துல இனிமே முடியல" என்றான். நான் தோளில் தட்டி, "நல்லா ஆடு" என்றேன். நடுவர் ஆட்டக்காரனிடம் அதற்குமேல் பேசக் கூடாது.

ஆட்டம் கடைசி ரெய்டு வரை சமமாக வந்து நின்றது. குமரவேல் பாடிப் போனான். என் பக்கக் கோட்டை ஒட்டித்தான் போனான். எதிரில் சிதம்பரத்து அணியின் ஓரக் காவலன் பிரவீன் பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

விதி உங்களுக்குத் தெரியும், இதை வீட்டில் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடுகளத்தின் இரண்டு ஓரத்திலும் லாபி என்று ஒரு பட்டை உண்டு. ரைடர் எதிரணியில் ஒருவரையாவது தொட்ட பிறகுதான் அதில் கால் வைக்கலாம். தொடாமல் வைத்தால் ரைடர் அவுட், புள்ளி எதிரணிக்கு. குமரவேல் கையை நீட்டி எக்கினான். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. கை எனக்குத் தெரியவில்லை. கால் தெரிந்தது. கால் லாபியில் விழுந்தது. ஊதினேன்.

அந்த விசில் தப்பு இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததை வைத்து ஊதினேன். எந்த நடுவரும் அதைத்தான் செய்வார். தப்பு விசிலுக்குப் பிறகு வந்தது.

நம் பக்கத்து மண் தரையில் ஒரு வழக்கம் உண்டு. தொடப்பட்டவன் நடுவர் சொல்லும்வரை காத்திருக்க மாட்டான். தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே நடப்பான். பாய் விரித்து ஆடுகிற பெரிய ஆட்டங்களில் இது குறைவு, நம் ஊர்த் திடல்களில் இன்னும் இருக்கிறது. அன்று பிரவீனின் வலது கை மேலே எழுந்தது. தோள் வரை வந்தது. அதற்குள் அவன் அணித் தலைவன் பின்னாலிருந்து, "டேய், கைய எறக்குடா!" என்று கத்தினான். கை பாதியில் நின்றது. பிறகு அவன் தலையைச் சொறிவதுபோலச் சொறிந்துவிட்டுக் கீழே போட்டுவிட்டான்.

குமரவேல் என்னிடம் ஓடி வந்தான். "தொட்டுட்டு தான் சார் வந்தேன்! அவனயே கேளுங்க சார்!"

தலைமை நடுவர் நடந்து வந்து என் காதருகே குனிந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நிதானமான மனுஷன். "சார், நீங்க உறுதியா சொல்றீங்களா? இல்லன்னா நான் அந்தப் பையன கூப்புட்டு கேட்டுடறேன்" என்றார். எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். ஆமாம், கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கயிற்றைச் சுற்றி உள்ளூர்க் கூட்டம் அதற்குள் குதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பழைய செருப்பு ஞாபகம் வந்தது. "உறுதிதான்" என்றேன்.

அதற்குள் குடிகாட்டு அணித் தலைவன் ஒரு போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அப்போதே நம் ஊர் ஆட்டங்களை யூடியூபில் லைவ் போடத் தொடங்கியிருந்தார்கள். "ஒரே ஒரு தடவ பாருங்க சார். கை படுது சார், தெளிவா தெரியுது" என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். நான் திரையைப் பார்க்கவே இல்லை.

"போனப் பாத்து தீர்ப்பு சொல்றதுக்கு நான் எதுக்குய்யா இங்க நிக்கிறேன்? எனக்கு கண்ணு நல்லாதான் தெரியுது" என்று சொல்லி, பச்சை அட்டையை எடுத்து அவனை எச்சரித்தேன். கூட்டம் எனக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சிதம்பரம் ஜெயித்தது. பத்து நாளில் மாவட்ட அணிப் பட்டியல் வந்தது. குமரவேல் பெயர் இல்லை. முக்கியமான நேரத்தில் லாபியில் கால் விடுகிறவன் என்று தேர்வுக்குழுவில் யாரோ சொன்னார்களாம்.

ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே அந்த வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்து, பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். குமரவேலின் விரல் பிரவீனின் இடுப்பில் படுகிறது, துணி அசைகிறது, அதற்கப்புறம்தான் கால் லாபிக்கு வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்மேல் இருந்த பிரியத்தில், "விடுங்க சார், கண்ணுன்னா தப்பத்தான் செய்யும்" என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண் தப்பிவிட்டது. முதுகு மறைத்துவிட்டது. நான் பார்க்கவில்லை. நடுவர் சங்கத்தில் கேட்டபோதும் இதையே சொன்னேன். வீட்டிலும் இதையே சொன்னேன். பெரிய வெள்ளிக்கு முன் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடமும் இதையேதான் சொன்னேன். தெரியாமல் செய்த தப்பு என்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். கடவுள் முன்னாலேயே பூசி மெழுகினவன் நான்.

சொல்லச் சொல்ல, ஒரு கட்டத்தில் நானே நம்பிவிட்டேன். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினேன். பிரவீனின் கை என் நினைவிலிருந்து போய்விட்டது.

பிறகு ஓய்வு பெற்றேன். இந்த வகுப்பில் பேசக் கூப்பிட்டபோது, உங்களுக்குப் போட்டுக் காட்ட நாலைந்து பழைய ஆட்டங்களின் வீடியோ கேட்டுச் சிதம்பரத்தில் ஒரு வீடியோக்காரரிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பவர். எங்கள் ஆட்டங்களையும் எடுப்பார். எதையும் அழிக்காத மனுஷர். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதில் அந்த இறுதி ஆட்டமும் இருந்தது. யூடியூபில் வந்த படம் இல்லை அது. எதிர்க்கோடியில் ஸ்டாண்டு போட்டு வைத்திருந்த அவருடைய இரண்டாவது கேமரா எடுத்தது. அதில் குமரவேலின் முதுகு தெரியவில்லை. என் முகம் தெரிந்தது.

வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கபடி என்றால் அவள் தலை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டேன்.

ஊதுகிறேன். ஊதிவிட்டு என் தலை திரும்புகிறது. பிரவீனின் கை எழுகிறது. என் முகம் அந்தக் கையை நேராகப் பார்க்கிறது. கை பாதியில் நிற்கிறது, தலையைச் சொறிகிறது, இறங்குகிறது. அது இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அது இறங்கிய பிறகுதான் நான் முகத்தைத் திருப்பி, கையை நீட்டி அவுட் காட்டுகிறேன்.

"அந்தப் பையன் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி. "பாக்கலன்னு சொன்னீங்களே" என்றாள். பிறகு பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அதைப் பற்றி அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்கு நான்காம் நாள்தான் உங்கள் வகுப்பு. நான் மேடையில் ஏன் அப்படி உளறினேன் என்று இப்போது தெரிகிறதா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரிவ்யூ வரட்டும். அதில் கோளாறே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு போனை ஒரே ஒரு மூலையில் வைத்துவிட்டு அதை நீதிபதி ஆக்கினால், அது என்னைப் போலவே முதுகைத்தான் பார்க்கும். கேமராவைப் பிடிப்பவன் எந்த ஊர்க்காரன் என்று அடுத்த சண்டை தொடங்கும். ஆட்டத்தின் சூடு நடுவில் ஆறிப்போகும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பிரவீன் மாதிரிப் பையன்கள் இனிமேல் பாதிக்குக்கூடக் கையைத் தூக்க மாட்டார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று நிற்பார்கள். இதெல்லாம் நடக்கும்.

அப்படியிருந்தும் வேண்டும் என்கிறேன். நம் ஆட்கள் ரிவ்யூ என்றதும், கண் தெரியாத நடுவருக்குக் கண்ணாடி போடுகிற ஏற்பாடு என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். கண்ணைப் பற்றிய பேச்சே இல்லை இது. கண் தப்பினால் அது ஒரு புள்ளியோடு போகும். தப்பு என்று தெரிந்த பிறகும் இறங்கிவர வழி தெரியாமல் நிற்கிறோமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ரிவ்யூ கேட்டு ஒரு அணித் தலைவன் கையைக் காட்டினால் அவன் உங்களை அவமானப்படுத்துகிறான் என்று எண்ணாதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் மானம் போகாமல் நீங்கள் மாறிக்கொள்ள அவன் ஒரு வாய்ப்புத் தருகிறான். எனக்கு அன்று மூன்று பேர் தந்தார்கள். நான் மூன்று பேரையும் விரட்டினேன்.

வகுப்பு முடிந்த மூன்றாம் நாள் குடிகாட்டுக்குப் போனேன். குமரவேல் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக மூட்டை ஏற்றுகிறான் என்று விசாரித்திருந்தேன். இரண்டு மணி ஷிப்டுக்கு உள்ளே போவதற்கு முன் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு வரச் சொன்னான். அந்தக் காற்றின் நெடி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், பழகாதவர்களுக்கு இருமல் வரும். எனக்கு வந்தது. அவனுக்கு வரவில்லை. உடம்பு தடித்திருந்தது, வலது முட்டியில் ஒரு உறை மாட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உக்காருங்க சார். எவ்ளோ வருசமாச்சு பாத்து. ரிட்டயர் ஆயிட்டீங்களாமே" என்று டீ சொன்னான். என்னிடம் கோபமாக இருப்பான் என்று நினைத்துப் போனவனுக்கு அந்த மரியாதை இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன்.

"அத எதுக்கு சார் இப்ப. பிரவீன் அன்னைக்கி சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டான். தொட்டதும் நெசம், கைய எறக்குனதும் நெசம், மன்னிச்சிக்க மச்சான்னு அழுதுட்டான். இப்ப அவன் கொழந்தைக்கு பேர் வெக்கிறதுக்குலாம் நான் போயிட்டு வந்தேன்" என்று சிரித்தான்.

நான் சொல்லிவிட்டேன். அந்தக் கையை நானும் பார்த்தேன் என்றேன். ஊதும்போது தெரியாது, ஊதிய பிறகு தெரிந்தது, தெரிந்தும் நின்றேன் என்றேன். வீடியோவில் என் முகம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"நீங்க பாக்கலன்னுதான் சார் நான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றான். "எங்க ஊர்ப் பசங்க ஒங்கள ஜாஸ்தியா திட்டுவானுங்க. நான் விட மாட்டேன். மனுசன் கண்ணு தப்பத்தான் செய்யும், என் முதுகுதான மறச்சிச்சி, அவரு என்னா செய்வாருன்னு ஒங்களுக்காக நான் சண்ட போட்டிருக்கேன் சார்."

உள்ளே சங்கு ஊதியது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தான். கேட்டுக்குள் நுழையும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக அவன் எனக்காக வைத்திருந்த ஒரு நல்ல எண்ணத்தையும் அன்று நானே போய்க் கெடுத்துவிட்டு வந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பெண்ணுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மா, நீ வீடியோ வேண்டும் என்று எழுந்து சொன்னாயே. நீ சொன்னது அவ்வளவும் சரி. கைதட்ட நினைத்தேன். மேடையில் உட்கார்ந்தபடி என் இரண்டு கையும் மடியிலிருந்து எழுந்தன. கூடத்தைப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை. பொன்னாடையைச் சரிசெய்வதுபோலச் சரிசெய்துவிட்டு, கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.